ஸ்பிரிட்டில் கரைந்த எண்ணெய்

எண்ணெய் தண்ணீரில் கரையாது; ஸ்பிரிட்டில் கரையாது; பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கரையும். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்த ஆரம்பித்த முதல் வருடத்திலிருந்து இதைக் குரலை உயர்த்திச் சொல்லி, பெண்களை எழுத வைத்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மதராசில் பி.எஸ்ஸி. முடித்து ஊருக்கே திரும்பி வந்திருந்தேன். எங்கள் நெசவுத் தெருவிலிருந்து முதன்முதலாகச் சாக்பீஸ் பிடித்த பெண் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. அதில் பாதி இன்னும் இருக்கிறது, அதற்காக நான் வெட்கப்படவில்லை. மீதிப் பாதி எங்கே போனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் என்பது இரண்டு நீள மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. அலமாரிக்குப் பூட்டு கிடையாது. ஸ்பிரிட் புட்டிக்கு மட்டும் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. பாடப்புத்தகத்தில் ஸ்பிரிட் விளக்குக்குச் 'சாராய விளக்கு' என்று பெயர் போட்டிருந்தார்கள். அந்தச் சொல் வரும்போதெல்லாம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தலைமையாசிரியை வராந்தாவில் நின்று முறைப்பார். யாரும் குடித்துவிடக் கூடாது என்று அந்த ஸ்பிரிட்டில் ஊதாச் சாயமும் குமட்டுகிற மருந்தும் கலந்துதான் விற்பார்கள். அப்படியும் பெட்டிச் சாவி தலைமையாசிரியையின் இடுப்பில்தான் இருக்கும்.

எண்ணெய்ச் சோதனை நடக்கும் நாளில் அவரவர் வீட்டு எண்ணெயைச் சின்னப் புட்டியில் கொண்டுவர வேண்டும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் வரும். ஒரு வருடம் ஒருத்தி நெய் கொண்டுவந்தாள். சோதனை ஆரம்பிப்பதற்குள் தோழிகள் அதில் பாதியை விரலால் வழித்துத் தின்றுவிட்டார்கள். மூன்று சோதனைக் குழாய்களில் தண்ணீர், ஸ்பிரிட், வெள்ளைப் பெட்ரோல். வெள்ளைப் பெட்ரோல் என்பது கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பற்சக்கரம் கழுவ வைத்திருப்பது. கடைத்தெருவில் ஒருவர் எனக்குச் சும்மாவே கொடுப்பார். ஒவ்வொன்றிலும் ஐந்து சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்கி நிறுத்தினால், தண்ணீரில் எண்ணெய் மேலே மிதக்கும், ஸ்பிரிட்டில் பால் போலக் கலங்கி அடியில் தங்கும், பெட்ரோலில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எல்லா வருடமும் இப்படித்தான் வந்தது.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். கடைசி பெஞ்சு, ஒல்லியான உடம்பு, கேட்டால் மட்டும் வாய் திறப்பாள். பாதி கழன்ற சீட்டு ஒட்டிய நீல மருந்துப் புட்டியில் எண்ணெய் கொண்டுவந்திருந்தாள். சோதனை நடுவில் கையைத் தூக்கி, "டீச்சர், என்னுது ஸ்பிரிட்டுல கரைஞ்சிடுச்சு" என்றாள்.

நான் வகுப்பின் மறுகோடியில் இருந்தேன். "டியூபைச் சரியா கழுவியிருக்க மாட்ட. இல்லன்னா மாத்தி ஊத்தியிருப்ப" என்று அங்கிருந்தே சொன்னேன். போய்ப் பார்க்கவில்லை. பத்தடி தூரம்தான்.

நோட்டில் அவள் பிடிவாதமாக எழுதியிருந்தாள்: ஸ்பிரிட், கரைந்தது. பெட்ரோல், சரியாகக் கரையவில்லை, கலங்கி நின்றது. நேர் தலைகீழ். சிவப்பு மையால் இரண்டு வரியையும் அடித்து, பூஜ்யம் போட்டு, 'எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையாது' என்று பத்து முறை இம்போசிஷன் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் எழுதி வந்தாள். நான் வரிகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். எண்ணாமல் நான் போடுவதே இல்லை, ஏமாற்றுகிற பெண்கள் எட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இதற்குச் சில மாதம் முன்புதான் அவள் அப்பா குளத்துப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தார். நல்ல நெசவுக்காரர். கட்டுப் பிரித்த பிறகும் முழங்கால் மடங்கவில்லை. தறிக்குழியில் இறங்கி மிதியை மிதிக்க முடியவில்லை. எங்கள் தெருவில் பெண்கள் நூல் இழைப்பார்கள், தார் சுற்றுவார்கள், தறியின் பக்கவாட்டில் உட்கார்ந்து கரைக்கு நாடாவை, அதாவது குறுக்கு நூல் ஓடத்தை, வாங்கிப் போடுவார்கள். குழிக்குள் இறங்கி நடுவில் உட்காருவது ஆண்களின் இடம். பதினாறு வருடம் பக்கவாட்டிலேயே உட்கார்ந்திருந்த அந்த அக்கா, இந்தப் பெண்ணின் அம்மா, ஒரு நாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டாள். புருஷன் அவள் இருந்த இடத்துக்குப் போய், காலை நீட்டி உட்கார்ந்து நாடா போட்டார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. பாவு கொடுத்த முதலாளி வந்து குழியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பாவு என்றால் தறியில் ஏற்றியிருக்கும் நீள நூல். ஒரு பாவில் மூன்று புடவை வரும். "முதல் புடவை அறுத்து இறக்கு. பார்க்கறேன். சுத்தமா இருந்தா தறி உன்னுது. ஒரு குத்தம் இருந்தாலும் மீதிப் பாவு ஐயம்பேட்டைத் தறிக்குப் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவு போனால் தறி சும்மா நிற்கும். அக்காவை இன்னொரு முறை யாரும் குழிக்குள் விடமாட்டார்கள். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டுப் புடவை; சந்தன நிறத்தில் உடல், அரக்குக் கரை. அவள் நெய்ததை நான் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன். அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் துணி மூட்டை. முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், புடவையை அறுத்துட்டேன். எண்ணெய்க் கறை இருக்குது. பவுடர் போட்டுப் பார்த்தேன், போவல. முதலாளி ஞாயித்துக்கிழமை வராரு."

விரித்துக் காட்டினாள். இரண்டு விரல் அகலம், நான்கு விரல் நீளம். அரக்குக் கரையை ஒட்டினாற்போல், சந்தன நிறத்தில் ஈரம் பட்ட மாதிரி ஒரு திட்டு.

"என்ன எண்ணெய் அக்கா?"

"தலையெண்ணெய்தான். தேங்காயெண்ணெய். வேற இன்னா இருக்கப் போவுது? தலைய இறுக்கி முடிஞ்சுக்கினு உட்காருன்னு அவரு நூறு தபா சொன்னாரு."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தேங்காயெண்ணெய்தானே! "நாளைக்கு வரேன். பத்து நிமிஷ வேலை" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்து, பெரிய டாக்டர் மாதிரி அனுப்பி வைத்தேன்.

தறிக்கு நடுவில் உட்காருகிறவளின் தலையெண்ணெய் கரையோரத்தில் எப்படிப் படும்? அந்தக் கேள்வி எனக்கு அன்று வரவே இல்லை. நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வெள்ளைப் பெட்ரோல், பஞ்சு, மையொற்றும் தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அடுப்பை அணைக்கச் சொன்னேன். கறைக்கு அடியில் தாளை வைத்து, மேலே பஞ்சால் ஒற்றினேன். எண்ணெய் பெட்ரோலில் கரைந்து தாளில் இறங்க வேண்டும். பெட்ரோல் ஆவியாகிப் போனது. தாள் காய்ந்தது. கறை இருந்தது.

இரண்டாவது முறை. மூன்றாவது முறை. கறை அதே இடத்தில், அதே அளவில், ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. எனக்கு வியர்த்தது. பெட்ரோல் பழசு என்றேன், பஞ்சு சரியில்லை என்றேன். அக்கா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள் புருஷன்தான் பேசினார்.

"பொம்பள தறியில இறங்கினா இப்படித்தான். தலையில எண்ணெய் இல்லாம ஒரு நாள் இருக்க முடியுதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல நிமிர்ந்தேன். அப்போதுதான் கட்டில் காலுக்குப் பக்கத்தில் அந்தப் புட்டியைப் பார்த்தேன். நீல மருந்துப் புட்டி, பாதி கழன்ற சீட்டு. வைத்தியர் சொன்னபடி முழங்காலுக்குத் தேய்க்கிற விளக்கெண்ணெய். அவருடைய முழங்கால் பளபளவென்று இருந்தது. விரல்களும்தான்.

சுவரோரம் பாடம் படித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். "இந்தப் புட்டியிலிருந்துதானே அன்னிக்கு லேபுக்கு எடுத்துட்டு வந்த?"

"ஆமா டீச்சர்."

"இது ஸ்பிரிட்ல என்ன ஆச்சு?"

அவள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். "எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையாது, டீச்சர்."

பத்து முறை எழுதின வாக்கியம். எழுத்து பிசகாமல் சொன்னாள். என் காது சூடானது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"நான் சொன்னதை விடு. நீ கண்ணால பார்த்ததைச் சொல்லு."

அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கரைஞ்சுது டீச்சர். தண்ணி மாதிரி ஆயிடுச்சு. பெட்ரோல்லதான் கலங்கிக்கினு நின்னுது."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே என் கல்லூரி நோட்டைத் தேடி எடுத்தேன். இருந்தது. எண்ணெய்களில் விளக்கெண்ணெய் மட்டும் விதிவிலக்கு. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், பெட்ரோலில் சரியாகக் கரையாது. பரீட்சைக்காக நானே பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தேன். காரணமும் என் கையெழுத்திலேயே இருந்தது. மற்ற எண்ணெய்களின் கொழுப்பு அமிலம் நீளமான கார்பன் சங்கிலி. பெட்ரோலும் கார்பன் சங்கிலிதான், அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. விளக்கெண்ணெயின் சங்கிலியில் மட்டும் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தொங்குகிறது. ஆல்கஹாலிலும் அதே தொகுதி இருக்கிறது. பெட்ரோலை விட்டு ஆல்கஹாலோடு அது உறவு கொண்டாடுவது அதனால்தான். பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். வாங்கியதும் மறந்துவிட்டேன். பாடம் நடத்தும்போது விதிவிலக்கு இல்லாமல் நடத்துவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி வேண்டியது ஸ்பிரிட். ஆனால் எங்கள் ஸ்பிரிட் ஊதா. சந்தனப் பட்டில் அதை வைத்தால் எண்ணெய் போய் ஊதா வரும். சாயமில்லாத ஸ்பிரிட்டுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் எந்தக் கடவுளும் அதை வாங்கித் தரமாட்டார். காய்ச்சி வடித்தால் சாயம் குடுவையில் தங்கிவிடும், தெளிந்த ஸ்பிரிட் தனியாக இறங்கும். எனக்கு வடிக்கத் தெரியும். மதுவிலக்கு ஊரில், பெண்கள் பள்ளியில், சனிக்கிழமை காலையில் ஸ்பிரிட் வடிப்பது!

சாவி வேண்டுமே. சனிக்கிழமை எட்டு மணிக்குத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமைச் சோதனைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று பாதி உண்மை சொல்லி வாங்கினேன். குடுவையை வெந்நீர்ச் சட்டியில் உட்கார வைத்து, சட்டிக்கு அடியில் கரியடுப்பு மூட்டி, குளிர்விக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டேன். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டேன். முதல் சொட்டு விழுந்தது. கண்ணாடி போலத் தெளிவு. கொஞ்சம் சேர்ந்ததும் அதில் ஒரு துளி விளக்கெண்ணெய் விட்டுக் குலுக்கினேன். எண்ணெய் காணாமல் போனது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது கதவு தட்டப்பட்டது.

தலைமையாசிரியை. வாசனை வராந்தா வரை போயிருக்கிறது, காவல்காரர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, என்ன காய்ச்சிண்டிருக்கே?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறை, முதலாளி, ஐயம்பேட்டைக்குப் போகப் போகிற பாவு, பூஜ்யம், இம்போசிஷன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, குடுவையில் கொதிக்கிற ஊதாவையும் இந்தப் பக்கம் சொட்டுகிற தெளிவையும் பார்த்தார்.

"முதல்ல கதவைத் திற. ஜன்னலையும் திற. மூடி வெச்சிண்டு பண்ணினாத்தான் பார்க்கறவாளுக்குச் சந்தேகம் வரும். பள்ளிக்கூடம் பத்திண்டாலும் வெளியே ஓட வழி வேணும்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வடித்து முடிக்கிற வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் மிச்ச ஸ்பிரிட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வடித்த சின்னப் புட்டியை என்னிடம் கொடுத்து, "அந்தப் பொண்ணு நோட்டை என்ன பண்ணப் போறே?" என்று கேட்டார். நான் புட்டியை இறுக மூடினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மத்தியானம் அக்கா வீட்டில் முதலில் கழிவு நூலில் சோதித்தேன். சந்தன நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரக்கு நூல் பஞ்சில் லேசாக இளஞ்சிவப்பைக் கக்கியது. கறையோ கரையை ஒட்டி அரை விரல் தூரத்தில் முடிகிறது. ஸ்பிரிட் கரையைத் தொட்டால் அரக்குச் சாயம் உடலுக்குள் ஓடிவரும். எண்ணெயாவது போகும் என்று நம்பலாம், ஓடிவந்த சாயம் போகாது.

"செய்யட்டுமா அக்கா?" என்று கேட்டேன். நேற்று கேட்கத் தோன்றாத கேள்வி.

"செய்யுங்க டீச்சர். நீங்க செய்யலைன்னாலும் போவப் போறதுதானே."

வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றிக்கொண்டே வந்தேன். அடியில் தாள் நனைந்தது. தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். எண்ணெய்த் திட்டு தாளில் இருந்தது. புதுத் தாள் வைத்தேன், அதிலும் இறங்கியது. கரையோர அரை விரலுக்குப் பஞ்சு வேண்டாம் என்று விட்டு, விளக்குமாற்று ஈர்க்குச்சி நுனியில் நாலு இழைப் பஞ்சைச் சுற்றி, அதை ஸ்பிரிட்டில் தொட்டுப் பிழிந்துவிட்டுத் துளித் துளியாக வைத்தேன். அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். புடவையை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது எந்த இடத்தில் கறை இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

அக்கா துணியை வாங்கித் தானும் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "அப்போ இது தேங்காயெண்ணெய் இல்லையா டீச்சர்?"

"தேங்காயெண்ணெயா இருந்தா நேத்தே பெட்ரோல்ல போயிருக்கும். இது விளக்கெண்ணெய்."

அந்த வீட்டில் ஒரே ஒரு புட்டிதான் விளக்கெண்ணெய், ஒரே ஒரு ஆள்தான் அதைத் தொடுகிறவர், அவர் உட்காருவது கரையோரம். அக்காவின் புருஷன் தலை குனிந்துகொண்டார். கால் வலித்தால் தேய்ப்பார், தேய்த்த கையைத் துண்டில் துடைத்துவிட்டு நாடாவை எடுப்பார். அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாததுபோல் இருந்தாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார், சுவரைப் பார்த்து.

அக்கா புடவையை மடித்தாள். நிதானமாக, ஓரம் பிசகாமல் மடித்தாள். பிறகு நீலப் புட்டியை எடுத்து மாடத்தில் உயரமாக வைத்தாள். "இனிமே காலுக்கு எண்ணெய் நான் போட்டு விடறேன். நீ தொடாத" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது, அக்கறையும் இருந்தது. தறிக்காரியின் குரலும் இருந்தது என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். நான் வேலை எதுவும் இல்லாமல் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். புடவையை வாசலில் நீளமாகப் பிடிக்கச் சொல்லி, கரையோரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் அரை விரல் இடத்தையும் தாண்டிப் போனார். நிற்கவில்லை. "இன்னாமா, தலையெண்ணெய்கூடத் தேய்க்காம நெய்ஞ்சியா?" என்று கேட்டார்.

"நல்லாத் தேய்ச்சிக்கினுதான் நெய்ஞ்சேன்" என்றாள் அக்கா.

பாவு ஐயம்பேட்டைக்குப் போகவில்லை. அடுத்த பாவும் அவள் தறியிலேயே ஏறியது. அதற்கடுத்ததும்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாக விளக்கெண்ணெயை மூன்று குழாயிலும் ஊற்றி எல்லோருக்கும் காட்டினேன். நான் தப்பாகத் திருத்திவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். தப்பைச் சொல்லும்போதும் என் குரல் உயர்ந்துதான் வரும், அது என் சுபாவம். பிறகு அந்தப் பெண்ணின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். பூஜ்யத்தை அடித்துப் பத்துக்குப் பத்து போட்டேன். பக்கத்தைப் புரட்டினேன்.

எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையாது. எண்ணெய் ஸ்பிரிட்டில் கரையாது. பத்து வரி, முத்து முத்தான எழுத்து, கீழே என் கையெழுத்து. அவள் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று அவளையே பத்து முறை எழுத வைத்திருக்கிறேன். அது மார்க்கோடு அழிகிற விஷயம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, எதிர்ப்பக்கத்தில் 'விளக்கெண்ணெய் ஸ்பிரிட்டில் கரையும்' என்று எழுத ஆரம்பித்தேன். வேகமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டை நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டு போகவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்று, விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக் கீழே வந்தாள். பிறகு நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"டீச்சர், ஒம்போதுதான் இருக்குது."

நான் பேனாவை மறுபடி திறந்தேன்.